விசிறிக்காரியின் முகம்

பஞ்சில் ஒட்டிவந்தது அழுக்கின் நிறம் அல்ல, தோலின் நிறம். சுஹைரா கையை இழுத்துக்கொண்டாள். ஹோட்டலாக மாறிக்கொண்டிருந்த அந்தப் பழைய துறைமுக வீட்டில், வெள்ளைக்காரன் காலத்தில் முதலியார் பதவி வகித்த ஒருவரின் ஆளுயர ஓவியத்தைத் துப்புரவாக்குவதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. முதலியாரின் பித்தளைப் பொத்தான்களைத் துலக்கிய அதே மருந்தை, அவர் அமர்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் விசிறியோடு நின்ற வேலைக்காரி மீதும் அழுத்தித் தேய்த்துவிட்டாள். முகம் பஞ்சோடு போய்விட்டது.

முதலியாரின் வாளுக்கும் ஜரிகைக்கும் வாரக்கணக்கில் மினக்கெட்ட ஓவியன், இவளுக்கு மெல்லிய ஒரு பூச்சோடு கையைக் கழுவியிருக்கிறான். பாவி. இவள் பின்னால் நின்றால்தானே அவர் முதலியார், இல்லாவிட்டால் கோட்டுப் போட்ட வெறும் மனிதர். அவருடைய பெயர் படச்சட்டத்தில் பொறித்திருந்தது. இவளுக்குப் பெயரும் இல்லை, பார்த்து வரைய ஒரு புகைப்படமும் இல்லை.

வெளியே தெரிந்தால் இனி யார் நம்பி வேலை தருவார்கள்? கிண்ணியாவிலிருந்து கணவன் ஸப்வான் மகள் அம்ராவையும் ஏற்றிக்கொண்டு கூட்டிப்போக வருவதற்குள் முடிக்க வேண்டும். கைபேசியின் கமராவைத் தன் பக்கம் திருப்பி நிமிர்த்திவைத்து, தன் முகத்தையே பார்த்து வரையத் தொடங்கினாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. யன்னலால் டீசலும் நனைந்த கயிறும் மணத்தன. அதற்குள் எங்கிருந்தோ பழைய வியர்வை நாற்றம், உடுத்தியவர் எழும்பிப்போன சட்டைபோல. புருவத்தை வரைந்து நிமிர்ந்தாள். திரையில் அவளுக்குப் புருவம் இல்லை. கைபேசி பழுதென்று நினைத்துக்கொண்டாள். மூக்கை வரைந்தாள். திரையில் மூக்கு இல்லை.

நிறுத்த நினைத்தாள். கை நிற்கவில்லை.

கண். உதடு. நாடி.

திரையில் வெறும் சுவர்.

வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றது. ஸப்வான் உள்ளே வந்து கூடம் முழுக்கப் பார்த்தான்.

“சுஹைரா, எங்க நிக்கிறீங்க?”

இங்கேதான் என்றாள். உதடு அசையவில்லை. முகமெல்லாம் சாயம் இறுகிக்கொண்டிருந்தது.

அம்ரா ஓவியத்தின் அருகே வந்து அண்ணாந்து, நேராக அவள் கண்களைப் பார்த்தாள். பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா என்று சுஹைரா தவித்தாள்.

“வாப்பா, இது ஆரு?”

“அவரு முதலியாரு. பெரிய மனிசன்.”

“அவரில்ல. பின்னால நிக்கிற பொம்பள.”

ஸப்வான் ஒருதரம் பார்த்தான். “அது வேலைக்காரி. வாங்க, உம்மா வெளியில நிப்பா.”

இருவரும் போனார்கள். துறைமுகப் பக்கம் பார்த்து “உம்மா, உம்மா” என்று அம்ரா கூப்பிடுவது கேட்டது. கதிரையில் இருந்தவர் தலையைத் திருப்பாமலே ஒரு விரலை அசைத்தார். சுஹைராவின் கை எழுந்து, விசிறத் தொடங்கியது.