ஏடாவின் ஐஸ் கூடை

எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். வீடு தீப்பிடித்தால்கூட, "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கில்ல?" என்பார்கள். எங்கள் அயோவா மாநிலத்தில் இதற்குப் பண்பாடு என்று பெயர்.

ஜூலை மாத ஞாயிறு. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து, வருடாந்தரக் குடும்ப விருந்துக்கு லவோன் அத்தையின் பண்ணை வீட்டுக்குப் போனோம். நான், அக்கா ஜோலீன், அவளுடைய மூன்று மாதக் குழந்தை மேபல். சோளக்காடு அசையவில்லை. காற்றில் வெந்த புல்லின் வாசனை. குழந்தை வெக்கை தாங்காமல் வீறிட்டுக்கொண்டிருந்தது.

மேப்பிள் மர நிழலில் அந்தப் பழைய கூடை. வெளியே பிரம்பு, உள்ளே துத்தநாகத் தகடு, ஓரத்தில் ஐஸ் வைக்க ஒரு தடுப்பு. அதிலிருந்து எலுமிச்சை ஜூஸ் பாட்டிலை எடுத்தேன். சில்லிப்பில் விரல் ஒட்டிக்கொண்டது.

தடுப்பைப் பார்த்தேன். காலி. காய்ந்து கிடந்தது.

"அத்தை, ஐஸ் எங்கே?"

"அதுல ஐஸ் போடுறதை எங்கப்பா காலத்துலயே விட்டாச்சு, ராய்ஸ்."

"அப்புறம் எப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"நல்ல கூடைடா அது." உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறினாள் அத்தை.

நான் விடவில்லை. மூன்று முறை பேச்சைச் சோள விலைக்குத் திருப்பினாள். நான்காவது முறைதான் வாயைத் திறந்தாள்.

"எங்கப்பாவுக்கு ஏடான்னு ஒரு தங்கச்சி. நாலு மாசம். ஒரு கோடைல வெக்கையிலயே போயிட்டா. எங்க தாத்தா ரயில் வேலைக்குப் போயிருந்தாரு. அவர் வந்து முகம் பார்க்கணுமே? ஐஸ் போட்டு இதுல வச்சாங்க."

"இதுலயா?"

"வந்தவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யாருக்கும் தெரியல. 'பயணம் எப்படி'ன்னு கேட்டாங்க. பசியோட வந்த மனுஷன். சாப்பாடுன்னு நினைச்சு மூடியைத் திறந்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் நல்லாக் கழுவிட்டாங்க." சாலட்டைக் கூடைக்குள் வைத்தாள். "நல்ல சாமானைத் தூக்கியா போடுவாங்க?"

மேபல் இன்னும் கத்தினாள். "கூடைப் பக்கத்துல படுக்க வை ஜோலீன், குளுகுளுன்னு இருக்கும்" என்றாள் அத்தை.

"வேண்டாம்க்கா. வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"காலேஜ் போனதுலேர்ந்து உனக்கு எல்லாத்துலயும் குதர்க்கம்டா" என்றபடி ஜோலீன் போர்வையைக் கூடையோரம் விரித்தாள். மூன்று மாதமாகத் தூங்காத கண்கள். அவளோடு வாதாட முடியாது.

காரையாவது எடுத்து வந்து நிறுத்தலாம் என்று போனேன். பின்னால் டாரல் சித்தப்பாவின் லாரி மறித்து நின்றது.

"சித்தப்பா, வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க."

"கிளம்பிட்டியா?" எழப்போவதுபோல் தொடையைத் தட்டினார். எழவில்லை. "ஆப்பிள் பை சாப்பிட்டியா?"

"சித்தப்பா, அவசரம்!"

"இருக்கும் இருக்கும். மழை வந்தாத் தேவலை, இல்லே?" எழுந்தார். சித்தியிடம் விடைபெற்றார். சித்தி ஒரு தட்டில் ஆப்பிள் பை கட்ட உள்ளே போனாள். மறுபடி விடைபெற்றார். லாரியருகே நின்று மழையைப் பற்றி இன்னொரு முறை பேசினார். எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் கவனித்தேன்.

மேபல் கத்தவில்லை.

ஓடினேன். ஜோலீன் நாற்காலியில் தூங்கியிருந்தாள். போர்வை விரித்தபடியே இருந்தது.

போர்வையில் யாருமில்லை.

கூடை மூடியிருந்தது. சாலட் பாத்திரம் வெளியே, புல்லில், ஒழுங்காக இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

திறந்தேன். மேபல் உள்ளே கிடந்தாள். உதடு நீலம்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாரி எடுத்துச் சட்டைக்குள் அணைத்தேன். விழித்த ஜோலீன் அலறிய அலறலில் மொத்தக் குடும்பமும் கூடியது. "யாரு வச்சீங்க?" என்று கத்தினேன். ஒருவரையொருவர் பார்த்தார்கள். "இன்னிக்கு வெக்கை ஜாஸ்திதான்" என்றார் யாரோ. அத்தை கூடையின் மூடியைத் துடைத்துச் சாத்தினாள்.

லாரி நகர்ந்தது. ஜோலீன் காரை ஓட்டினாள். நான் பின்சீட்டில் மேபலோடு. அவள் உதடு சிவந்துவிட்டது, நெற்றியில் வியர்வை. "மூச்சு விடுறாளா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். "நல்லாத் தூங்குறாக்கா."

வலது கை மட்டும் ஜன்னல் பக்கம் நீண்டு, எதையோ பற்றியதுபோல் குவிந்திருந்தது. தொட்டேன். பனிக்கட்டி.

சூடேற்றலாமென்று அந்தக் குட்டிக் கைக்குள் என் விரலை நுழைத்தேன். நுழையவில்லை.

உள்ளே ஏற்கெனவே ஒரு பிஞ்சு விரல் இருந்தது.