விரல் நீண்ட திசை

வங்காளத்தின் ஜியாகஞ்ச் படகுத்துறையில் சர்பாணி இறங்கியபோது மணி மூன்றரை. மார்கழி வெயில் ஆற்றின்மேல் சாயம்போன துணியாகக் கிடந்தது. அக்கரையில், அஜிம்கஞ்ச் விடுதியில், கணவன் தேபலும் ஆறு வயது மகள் துதுலும் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லி, கழுத்தில் கேமராவோடு தனியாக வந்திருந்தாள்.

"கேமராவா தீதி?" அக்கா முறை கொண்டாடி, மண்குவளையில் தேநீரை ஊற்றியபடி கடைக்கார ஹாரு சிரித்தான். "என்னை எடுத்துராதீங்க. இந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் மூணு பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்க."

"நாலாவது வீட்டுக்கு நல்ல படமா எடுத்துத் தரேன்."

"அப்ப பாதி மூஞ்சி போதும்!" பிறகு குரலைத் தணித்தான். "அந்தச் சந்துப் பக்கம் மட்டும் போகாதீங்க. மினதி அண்ணி வீட்டுல கொழந்தை தவறிப்போச்சு. பும்பின்னு பேரு. ஏழு வயசு. இப்பத்தான் தூக்கிட்டுப் போனாங்க."

அவள் அந்தச் சந்துக்குத்தான் போனாள்.

பதினோரு ஆண்டுகளாக ஊர் ஊராய்ச் சென்று தெருக்களைப் படமெடுப்பவள் அவள். நம் நாட்டில் துக்கம் கதவடைத்துக்கொள்வதில்லை, வாசலிலேயே அமர்ந்துவிடுகிறது, யார் வந்து பார்த்தாலும் மறுப்பதில்லை. அந்த மறுக்காமையைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டு அவள் பழகியிருந்தாள். அவளுக்கென்று இருந்த ஒழுக்கம் ஒன்றே ஒன்று: காட்சியைத் தொடக் கூடாது. கிடப்பதைக் கிடக்கும்படியே எடுக்க வேண்டும்.

சந்தில் ஊதுபத்தியும் கடுகெண்ணெயும் கலந்த வாடை நின்றது. காரை உதிர்ந்த பழைய வீடு. வாசற்படியின் மேல் ஒரு வெள்ளைத்தாள், நான்கு மூலைகளிலும் கல். தாளில் இரண்டு சின்னஞ்சிறு பாதங்கள், செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து ஒற்றியவை. இறந்தவரின் பாதத்தை இப்படி எடுத்துவைப்பது அவளுக்குப் புதிதல்ல. அவளுடைய தந்தையின் பாதச் சுவடுகளும் கொல்கத்தா வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. ஆனால் இவை இன்னும் ஈரமாக இருந்தன. விரல்கள் ஆற்றை நோக்கியிருந்தன.

அவள் நின்ற இடத்துக்கு அவை பக்கவாட்டில் தெரிந்தன. படம் அமையவில்லை. விரல்கள் மட்டும் தன்னை நோக்கி இருந்தால்?

கற்களை எடுத்தாள். தாளைத் திருப்பினாள். கற்களை மறுபடி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

"யாரு அதைத் தொட்டது?"

கதவுக்குள், இருட்டில், ஒருத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மினதி.

"காத்துல... நகர்ந்துடுச்சுங்க."

"நாலு கல்லையும் தூக்கிட்டா காத்து அடிச்சுது?" குரலில் கோபம் இல்லை. "காயற வரைக்கும் அது ஆத்தைப் பார்த்து இருக்கணும். எம்பொண்ணுக்கு வழி தெரியாது. விரல் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கந்தான் நடப்பா."

சந்தின் கோடியில் யாரோ வரும் பேச்சரவம் கேட்டது. வெட்கம் சர்பாணியின் பிடரியைப் பிடித்துத் தள்ளியது. தாளைப் பழையபடி வைக்காமலே கிளம்பினாள். வழியில், கை பழகிய பழக்கத்தில், திரும்பித் திரும்பி ஐந்து படங்கள் எடுத்தாள்.

படகில் ஏறி அமர்ந்ததும் பாதங்களின் படத்தைத் தன் கைபேசி வழியே தேபலின் கைபேசிக்கு அனுப்பினாள். இந்தப் பயணத்தின் படம் இதுதான் என்று தோன்றியது. படகு நிறையக் காத்திருந்த வேளையில், மற்றப் படங்களைக் கேமராவின் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

வாசற்படி. அதன் கடைசிப் படியில் சிவப்பாக ஏதோ.

சந்து. செங்கல் தரையில் இரண்டு சின்னப் பாதங்கள்.

ஹாருவின் கடை. பாதங்கள் பெஞ்சுக்கு அருகில்.

துறையின் படிக்கட்டு. இன்னும் அருகில்.

படகேறும் பலகை. பாதங்கள் பலகையின் நடுவில். எல்லாப் படத்திலும் விரல்கள் அவளை நோக்கி.

முதுகுக்குப் பின்னால் அந்தப் பலகையில் மெல்லிய ஈரச் சத்தம்.

தப்.

தப்.

திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

படகிலிருந்து எப்படி இறங்கினாள், எப்படி ஓடினாள் என்பது அவள் நினைவில் தங்கவில்லை. அந்த வீட்டு வாசலில், சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் வேப்பிலையைக் கடித்து, நெருப்பையும் இரும்பையும் தொட்டுவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மினதி படியில் அமர்ந்திருந்தாள். மடியில் அந்தத் தாள்.

"நாந்தான் திருப்பினேன். மன்னிச்சிடுங்க. மறுபடி ஆத்தைப் பார்த்து வெச்சிடறேன்."

"காஞ்சிடுச்சு. இனி திருப்பினா காகிதந்தான் திரும்பும்."

"இந்தக் கேமராவை ஆத்துல போட்டுடறேன். எனக்குச் சின்னப் பொண்ணு இருக்கா, தீதி."

"கேமராவுக்கு என்ன தெரியும்? அந்தப் படத்தை யாரு பார்க்கிறாங்களோ, அவங்களைப் பார்த்துத்தான் விரல் இருக்கு. நீங்க பார்த்துட்டீங்க. உங்ககூட வருவா. வேற யாருக்கும் காட்டிடாதீங்க."

சர்பாணி கைபேசியை எடுத்தாள்.

மினதி அவள் மணிக்கட்டைப் பற்றினாள். குளிர்ந்த கை. "ஒண்ணே ஒண்ணு. அவளுக்கு இருட்டுன்னா பயம். விளக்கை அணைச்சிடாதீங்க."

சந்தில் அந்தி கவிந்துகொண்டிருந்தது. தேபலை அழைத்தாள்.

"நான் அனுப்பின படத்தை அழிச்சிடு. பார்க்காத!"

"நான் எங்க பார்த்தேன்? போன் உன் பொண்ணு கையிலதான இருந்துது. அரைமணி நேரமா அந்தக் காலு படத்தையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா. உன்னைக் கூப்பிடத் துறைக்கு வரலாம்னு கிளம்பினா, அறையை விட்டு நகர மாட்டேங்கறா. அவகிட்ட நீயே பேசு."

"அம்மா." துதுலின் குரல். "அப்பா விளக்கை அணைச்சிட்டுக் கிளம்பலாங்கறாரு. வேணாம்னு சொல்லும்மா."

"ஏன் கண்ணு? உனக்குத்தான் இருட்டுன்னா பயமே கிடையாதே."

மறுமுனையில் சிறிது நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு.

"எனக்கில்லம்மா," என்று கிசுகிசுத்தாள் துதுல்.

சர்பாணி கேமராவைப் பார்த்தாள். திரையில், பாதங்களை எடுத்த அந்த முதல் படம் திறந்திருந்தது. நான்கு மூலைகளிலும் நான்கு கற்கள்.

நடுவே வெறும் வெள்ளைத்தாள்.