லைசானி கேட்ட குகை

"மாமா, எனக்கு அந்தக் கடலோரக் குகை வேணும்."

லைசானி கேட்டேவிட்டாள். மாமா அபகூக்கியின் வாய்க்குப் போன மரவள்ளிக்கிழங்கு பாதி வழியில் நின்றது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஃபிஜியின் அந்தத் தீவில், அக்கா தங்கை பெற்ற பிள்ளை எதைக் கேட்டாலும் தாய்மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. போன வருஷம் லைசானியின் அண்ணன் மாமாவின் ஒரே பன்றியைக் கேட்டான். மாமா கிறிஸ்துமஸுக்கு வெறும் கீரை தின்றார். அன்றைக்கே அம்மா அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், மாமாவிடம் எதையும் கேட்கவே கூடாதென்று.

ஆனால் நாளைக்கு மாமா குகைக்குள் தீ மூட்டப் போகிறாரே! மழை விட்டபாடில்லை, கொப்பரை காய வேண்டும். அந்தப் புகை போதும், உள்ளே இருக்கும் குட்டி வௌவால்கள் செத்துப்போக.

பள்ளி விட்டதும் லைசானி தினமும் அங்கேதான் போய் உட்காருவாள். ஒவ்வொரு வௌவாலும் அவள் கட்டைவிரல் அளவுதான். வெளிச்சம் மங்கியதும் ஒவ்வொன்றாக வெளியே வரும். சத்தமே இராது. கன்னத்தில் காற்று மட்டும் படும். குகை தூங்குகிறது, அது காணும் கனவுகள்தான் இப்படிப் பறக்கின்றன என்று அவளுக்குத் தோன்றும்.

மாமா சிரித்தார். "என் நீலப் படகைக் கேப்பியோன்னு பயந்துட்டேன். குகையில என்னடி பண்ணப் போற? கொசுவுக்குக் கல்யாணமா?"

"கொசுவைத் திங்கிறவங்க அங்க குடியிருக்காங்க. நீங்க தீ வச்சா செத்துருவாங்க."

மாமாவின் சிரிப்பு போய்விட்டது. "கேட்டுட்ட, எடுத்துக்கோ. ஆனா கொப்பரை பூஞ்சை பிடிச்சா, உன் வௌவாலா எனக்கு மாவும் சர்க்கரையும் வாங்கித் தரும்?"

சின்னப் பிள்ளை, தெரியாமல் கேட்டுவிட்டாள் என்று அம்மா இழுத்தாள். லைசானியோ வாசலுக்கு வெளியே கை காட்டினாள்.

மாமா எட்டிப் பார்த்தார். தென்னை மரத்தடியில் நான்கு தகரங்கள் அடுக்கிக் கிடந்தன. புயலில் எங்கிருந்தோ பறந்து வந்தவை. அவற்றை வைத்துத்தான் லைசானி விளையாட்டு வீடு கட்டியிருந்தாள். ஒரு தகரத்தில் அவள் கரியால் வரைந்த ஜன்னல்கூட இருந்தது.

"கொப்பரைக்கு மேல கூரையாப் போடுங்க. வெளியிலேயே தீ மூட்டலாம்."

"அப்போ உன் வீடு?"

"காலையிலேயே பிரிச்சிட்டேன்."

"நான் குகையைத் தர மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"உங்களால சொல்ல முடியாதே மாமா."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

லைசானி பின்னி வைத்திருந்த தென்னங்கீற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். அது தடை அடையாளம்; அதைக் கட்டிய இடத்துக்குள் ஊரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

படகையே கேட்டிருக்கலாம் என்று மாமா முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மழைக்குள் இறங்கி நடந்தாள். பொழுது சாய்வதற்குள் அவளுடைய குகைக்குப் போய்விட வேண்டும்.