வெயிலுக்கு விரிகிற சத்தம்

தாமரைச்செல்வியின் தலை சாய்கிற இடத்துக்கு ஒரு சாண் மேலே, படுக்கையறைச் சுவரில், இன்னொரு தலை சாய்ந்த எண்ணெய்க் கறை விழுந்திருந்தது.

கீழே இருந்த கறை அவளுடையது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் கால் நீட்டி, முதுகைச் சுவரில் கொடுத்து டிவி பார்ப்பது அவள் பழக்கம். பின்தலை பட்டுப்பட்டு அங்கே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பிசுக்கு ஏறியிருந்தது. மேலே இருந்தது புதுசு. அகலமாக, கொஞ்சம் வலப்பக்கம் ஒருக்களித்து, அவளைவிட உயரமான ஆள் ஒருவர் அலுத்துப்போய்ச் சாய்ந்த மாதிரி இருந்தது. அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

பெயின்ட் அடிக்கிற மாறனைக் கூப்பிட்டாள். அவன் சுரண்டிவிட்டு அடித்தான். காய்வதற்குள் கறை வந்துவிட்டது. மறுபடியும் பட்டி பார்த்து அடித்தான். இன்னும் கறுப்பாக வந்தது.

"ஓதம்தாம்மா. வெளியில முகப்பு ஷீட்டுக்குப் பின்னாடி எங்கயோ தண்ணி எறங்குது. இன்ஜினீயரை வச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஓதம் என்றால் விரலில் ஈரம் ஒட்ட வேண்டும். அவள் விரலை வைத்தாள். எண்ணெய் ஒட்டியது. மோந்து பார்த்தாள். கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், அடியில் வெந்தயம் லேசாகக் கருகிய வாசனையோடு. அந்தக் கருகல் அவள் கைவாகு. எத்தனை தடவை காய்ச்சினாலும் அடுப்பைத் தணிக்க மறந்துவிடுவாள், புருஷன் நவநீதன் கேலி செய்துகொண்டே தேய்த்துக்கொள்வார். அவர் வீட்டை விட்டுப் போன பிறகு அவள் அந்த எண்ணெயைக் காய்ச்சியதே இல்லை.

போனவரைப் பற்றி நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாரதியார் சாலையில் கீழே ஜவுளிக்கடை, மேலே வீடு என்று இந்தக் கட்டடத்தை இருவரும் சேர்ந்துதான் எழுப்பினார்கள். கடைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று முகப்பு முழுக்க நீலப் பளபளப்பு ஷீட்டு ஒட்டுகிற வேலையை அவளுடைய தம்பி சிவநாதன் எடுத்துச் செய்தான். மாடியில் படுக்கையறையை ஒட்டியிருந்த பால்கனி ஷீட்டுக்குள்ளேயே போய்விடும், அதற்குப் போகிற வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்பதும் முன்பே பேசியதுதான். மாங்கனித் திருவிழாவுக்கு முன்னால் கடையைத் திறந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அந்தச் சமயம் பார்த்து சுரக்குடியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, தாமரைச்செல்வி அங்கே போய்விட்டாள். திறப்பு விழா அன்று காலை திரும்பி வந்தபோது வாசல் அடைத்துப் பூசியிருந்தது, ஷீட்டு மின்னியது, மைக் செட்டில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. புருஷன் இல்லை.

"அத்தான் மெட்ராஸ் பஸ் ஏறிட்டாருக்கா. நானே பார்த்தேன். கூட ஒரு பொம்பளை," என்றான் சிவநாதன், தலையைக் குனிந்துகொண்டு.

தம்பி சொன்னால் அவளுக்கு அதுதான் சாட்சி. போட்டோக்களைக் கிழித்தாள். பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்றாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோபத்தைச் சோறு போட்டு வளர்த்திருக்கிறாள்.

இன்ஜினீயர் விஷ்ணுப்ரியா வந்தது நல்ல வெயில் நேரத்தில். சின்னப் பெண், ஆனால் பேச்சில் தயக்கமில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள், மொட்டைமாடியிலிருந்து குனிந்து பார்த்தாள், கடைசியில் படுக்கையறைக்கு வந்து சுவரைத் தட்டினாள்.

"கடல் காத்து உப்பு, உள்ள இரும்பு ஃப்ரேம் துருப்பிடிச்சுக் கெடக்கும். ஷீட்டும் சரியில்லம்மா, நடுவுல வெறும் பிளாஸ்டிக். ஒரு பொறி பட்டா மேல வரைக்கும் ஏறும், நீங்க எந்தப் பக்கம் ஓடுவீங்க? மாத்தத்தான் வேணும். ஆனா பழசு மேலயே புதுசை ஒட்டறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. முதல்ல பிரிச்சு, பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கணும்."

அவள் பேசி முடிப்பதற்குள் சுவருக்குள்ளிருந்து கேட்டது. டொக். டொக்.

"அது ஷீட்டு. வெயிலுக்கு விரியுது," என்றாள் தாமரைச்செல்வி. திறப்பு விழா அன்றே கேட்ட சத்தம் அது. சிவநாதன் சொல்லிக்கொடுத்த விளக்கம்.

விஷ்ணுப்ரியா உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். "விரியற சத்தம் இப்படி நிதானமா வராதும்மா," என்று மட்டும் சொன்னாள்.

சாயந்திரம் தாமரைச்செல்வி தம்பிக்குப் போன் செய்தாள். ஷீட்டைப் பிரிக்கப்போகிறேன் என்றதும் அவன் மளமளவென்று பேசினான். எதுக்குக்கா, நான் மேலாலயே புதுசு ஒட்டித் தரேன், நம்ம வீட்டு வேலையை வெளியாள்கிட்ட ஏன் குடுக்கற. அவன் பேசப்பேச அவளுக்கு, கடை திறந்த புதிதில் படுக்கையறையில் எலி செத்த நாற்றம் அடித்ததும், இதே தம்பி தினமும் தானாகவே வந்து பினாயில் தெளித்துச் சாம்பிராணி போட்டதும் நினைவுக்கு வந்தன. எவ்வளவு அக்கறையான பிள்ளை என்று அன்றைக்கு அவள் பூரித்துப்போனாள்.

பிரிக்கிற நாளில் சொல்லாமலே வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, வேர்வை. வெளியே சாரம் கட்டி ஆட்கள் ஏறியிருந்தார்கள். ஒவ்வொரு ஷீட்டாக ஸ்க்ரூ கழன்று தெருவில் விழுகிற சத்தம் வீட்டையே அதிர வைத்தது. சிவநாதன் படுக்கையறை நாற்காலியைச் சுவரோரம் இழுத்து, கறைக்குக் கீழே உட்கார்ந்தான்.

"பால்கனிப் பக்கம் மட்டும் வேணாம்னு சொல்லுக்கா."

"ஏன்டா?"

வெளியே டிரில்லர் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு பேசினான்.

"அத்தான் ஷீட்டுத் துண்டு ஒண்ணைக் கொளுத்திக் காட்டினாரு. குப்புன்னு பத்திக்கிச்சு. செல்வி படுக்கிற வீடுடா இது, எல்லாத்தையும் பிரின்னாரு. பால்கனியிலதான் நின்னோம். வாய்ப்பேச்சு முத்திப்போயி தள்ளிட்டேன். தலை கைப்பிடிச் செவுத்துல பட்டுச்சு. மூச்சு இல்லன்னு நெனச்சேன்."

"நெனச்ச."

"செங்கல்லை நானே வச்சேன். கடைசி ஷீட்டையும் நானேதான் மாட்டினேன்."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பஸ் இல்லை. பொம்பளை இல்லை. அவர் எங்கேயும் போகவில்லை.

"அப்ப அந்தச் சத்தம்?"

அவன் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"எனக்கும் கேட்டுச்சுக்கா."

"தெறந்து விட்டிருக்கலாமேடா."

"தெறந்தா நான் என்ன ஆவேன்?"

கூடப் பிறந்தவன். அவள் கையால் சோறு பிசைந்து ஊட்டிய பிள்ளை. அழுகை வரவில்லை அவளுக்கு, அதைவிடக் கொடிய ஒன்று வந்தது. திறப்பு விழா முடிந்த மறுநாள் மத்தியானம், ஓடிப்போன புருஷனை நினைத்து வெந்துகொண்டு இதே கட்டிலில் கிடந்தபோது, சுவருக்குள் அந்தச் சத்தம் விடாமல் கேட்டது. எரிச்சலில் எழுந்து சுவரை ஓங்கி அறைந்தாள். சனியனே, சும்மா கெட என்று கத்தினாள். சத்தம் நின்றுவிட்டது. கொஞ்சம் கழித்து ஒரே ஒரு தடவை, மெதுவாக, டொக் என்றது. அவ்வளவுதான்.

அவர் என்ன நினைத்திருப்பார்? செல்விக்குக் கேட்டுவிட்டது. கேட்டும் திறக்கவில்லை. அப்படித்தானே நினைத்திருப்பார். ஒரே பேச்சில் தம்பி இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டான். அவளுக்குப் புருஷன் துரோகி. புருஷனுக்கு அவள்.

டிரில்லர் நின்றது.

பெரிய தகடு ஒன்று தெருவில் விழுந்தது. ஆட்களின் பேச்சு அடங்கியது. அவள் கைப்பேசி அடித்தது. காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா," என்றாள் விஷ்ணுப்ரியா சாரத்திலிருந்து. குரல் சரியில்லை. "பால்கனி காலியா இருக்கு. தூசும் துருவும் கணுக்கால் அளவுக்குக் கெடக்கு. செவுத்தோரம் மட்டும், ஒரு ஆள் உக்காந்து இப்பத்தான் எழுந்து போன மாதிரி, ஒரு எடம் சுத்தமா இருக்கு. மேல செவுத்துல எண்ணெய். இன்னும் வழியுதும்மா."

போனை இறக்கினாள். சுவரைப் பார்த்தாள்.

கறை இல்லை. மாறன் அடித்த பெயின்ட் வெள்ளை வெளேரென்று இருந்தது. கீழே அவளுடைய கறை மட்டும் இருந்தது.

அறையில் கருகிய வெந்தய வாசனை எழுந்தது.

சிவநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. வலத்தோளில், வெள்ளைச் சட்டையில், ஒரு பொட்டு ஈரம். அவள் பார்க்கப் பார்க்கப் பரவியது. காசளவு. கையளவு. ஒரு தலையளவு. பாரம் தாங்காமல் தோள் இறங்கியது. இடம் விட்டுக் கொடுப்பதுபோல அவன் கழுத்து மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.

டொக். டொக்.

சுவரிலிருந்து வரவில்லை. அவன் முதுகிலிருந்து வந்தது.

"அக்கா," என்றான். "என்ன சத்தம் அது?"

வெளியே வெளிச்சம் மங்கிவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. எல்லா ஷீட்டும் தெருவில் கிடந்தன. அவள் அவனையே பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணுமில்லடா," என்றாள். "ஷீட்டு வெயிலுக்கு விரியுது."

அவன் தலையாட்டப் பார்த்தான். முடியவில்லை. கறை காலரைத் தாண்டிக் கழுத்தில் ஏறியது. எண்ணெய் மினுமினுக்கிற நான்கு விரல் தடங்கள் அவன் தாடையைச் சுற்றி வந்து, மெதுவாக, வாயை மூடின.