உள்ளே இழுத்த புகைக்குழாய்

சக்தியைத் தேடித்தான் மனிதன் மனிதனானான். தீயை அடக்கினான், இரும்பை உருக்கினான், மலையைக் குடைந்தான். அந்த மகத்தான வரிசையில் கர்னலும் போய் நின்றதற்குக் காரணம், மேம்பால ஏற்றத்தில் ஒரு பல் டாக்டரின் பிக்கப் வண்டி அவருடையதை முந்திப் போனதுதான். போகிற போக்கில் டாக்டர் சிரிக்கவும் செய்தார். பற்கள் வரிசையாக இருந்தன என்பதுதான் கர்னலுக்குப் பொறுக்கவில்லை.

கர்னல் எந்தப் படையிலும் இருந்தவரில்லை. திரைச்சீலைக் கடை வைத்திருந்தார். அவர் வண்டி இதுவரை சுமந்த பெரும் பாரம் ஜன்னல் துணி. பட்டம், மனைவியின் தம்பி கிண்டலாகக் கொடுத்தது. இவர் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டுவிட்டார்.

அந்தத் தம்பி வெல்டர். ஊர் முடிகிற இடத்தில் அவனுக்கு ஒரு தகரக் கொட்டகை. மழை பிடித்துக்கொண்டு பெய்த ஒரு மதியம் கர்னல் அங்கே போய் இறங்கினார். வண்டியின் பின்னால் நீளமாக ஏதோ, திரைச்சீலையில் சுற்றிக் கிடந்தது.

“என்ன மாமா, பொணத்தைச் சுத்தின மாதிரி சுத்திக் கொண்டுவந்திருக்கீங்க?”

“எக்ஸாஸ்ட் பைப் மாப்ளே. கம்பெனிக்காரன் போட்டிருக்கிறது எஞ்சினோட மூச்சையே அடைக்குது. புகை தாராளமா வெளிய போனா எஞ்சின் பறக்கும். வீடியோவுல எல்லாம் இருக்கு.”

“வீடியோவுல ஆபரேஷன்கூட இருக்கு. எங்க பிடிச்சீங்க இதை?”

“பழைய இரும்புக் கடையில. வாங்கிட்டுப் போன ஒருத்தரும் குறைன்னு திரும்பி வந்ததில்லையாம்.”

“ஒருத்தரும் வரலையா?”

“பைப் மட்டும் வந்துடுமாம்.”

வெல்டர் சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை.

பழைய குழாயை அறுத்துக் கீழே தள்ளிவிட்டு, புதிதாக வந்ததைத் தூக்கிப் பிடித்தான். வெளியே துரு, தொட்டால் சில்லென்றிருந்தது. உள்ளே விரலை விட்டால் வெதுவெதுப்பு. ஈரம். தலைமுடி கருகினால் வருமே, அந்த வாடை. பற்றவைக்கும்போது நெருப்புப் பட்ட இடத்தில் இரும்பு லேசாகச் சுருங்கி விரிந்தது. அட்டைப்பூச்சியின் மேல் உப்பு விழுந்தாற்போல.

“மாமா, எனக்கு இது சரியாப் படல. கழட்டிடலாம்.”

“பயமா இருந்தா சொல்லு. ஆம்பளையாப் பாத்து வேற ஆள்கிட்டக் கொடுக்கறேன்.”

அக்கா வீட்டுக்காரர். பதில் பேச முடியாது. வெல்டர் கடைசி இணைப்பையும் பற்றவைத்தான்.

கர்னல் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். மீட்டர் முள் துள்ளி எழுந்தது. கொட்டகை அதிர்ந்தது. ஆனால் பின்னால் புகையே வரவில்லை.

பற்றவைத்த இடத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வெல்டர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் ஓடும்போது குழாயின் வாயைத் தடித்த துணியால் பொத்துவார்கள். போக வழியில்லாத புகை, எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே சீறும். வெல்டர் சாக்குத் துணியை மடித்து, வலது உள்ளங்கையால் அழுத்தினான்.

துணி உள்ளே போய்விட்டது.

“மாமா. இது வெளிய தள்ளல. உள்ள இழுக்குது.”

“அதான்டா பர்ஃபார்மன்ஸ்,” என்றார் கர்னல், முள்ளைப் பார்த்தபடியே.

துணிக்குப் பின்னால் விரல்கள் போயின.

பிறகு மணிக்கட்டு.

எலும்பு நொறுங்கிய சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெல்டர் அலறியதில் கர்னல் சாவியைத் திருப்பிப் பிடுங்கினார்.

எஞ்சின் நிற்கவில்லை.

ஓடிப்போய் முன்மூடியைத் திறந்தார். காற்று உள்ளே போகிற வாய் ஒன்று அங்கே இருக்கும். அதை அடைத்தால் அடங்காத எஞ்சினும் அடங்கும். அதுவும் வீடியோவில் பார்த்ததுதான். ஆனால் அந்த வாய் காற்றை வாங்கவில்லை, விட்டுக்கொண்டிருந்தது. கருகிய முடி வாடையோடு ஒரு நீண்ட, சுகமான பெருமூச்சு. அதோடு சிவப்பாக ஒரு தூறல். கர்னலின் கறுப்புக் கண்ணாடியில் பட்டு வழிந்தது. கூடவே ஒரு நகம் வந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

“கட்டிங் மிஷின்,” என்று பின்னாலிருந்து வெல்டர் முனகினான். “பைப்பை அறுங்க மாமா. முழங்கைக்கு வந்துட்டுது. இந்தக் கை போனா எனக்குத் தொழிலே இல்ல.”

கர்னல் மிஷினை எடுத்தார். சக்கரம் சுழன்றது. குனிந்தார். பளபளவென்று புதிய இணைப்பு. அதைத் தாண்டித் திறந்த கதவு வழியே முள் தெரிந்தது. எந்தக் காலத்திலும் அந்த வண்டியில் அது தொடாத இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் யோசித்தார்.

“பைப்பை மாமா.”

சக்கரம் இறங்கியது.

“மாமா, பைப்பை.”

முழங்கைக்கு மேலே, சதை சுலபமாகவே விட்டுக்கொடுத்தது. எலும்புதான் கொஞ்ச நேரம் பிடிவாதம் பிடித்தது. தகரச் சுவரெல்லாம் தெறித்தது. மிச்சக் கையைக் குழாய் ஒரே இழுப்பில் வாங்கிக்கொண்டது.

எஞ்சின் தானாக நின்றது.

உள்ளே எங்கோ, சாப்பிட்டு எழுந்தவர் விடுவது போல் ஒரு ஏப்பம்.

திரைச்சீலையைக் கிழித்துக் கட்டுப் போட்டு, வேறு வண்டி கிடைக்காததால் அதே வண்டியில் வெல்டரைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பக்கத்தில் ஓர் உயிர் துடித்துக்கொண்டிருந்தபோதும், ஏற்றத்தில் வண்டி ஏறிய அழகைக் கர்னல் கவனிக்கத் தவறவில்லை.

வெல்டர் பிழைப்பான் என்றார்கள். கர்னலின் மனைவி வந்தாள். தம்பியைப் பார்த்தாள். அழவில்லை. கணவரை வாசலுக்குக் கூட்டிவந்தாள்.

“மிஷின் உங்க கையில இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“பைப்பை அறுக்கச் சொன்னானா?”

“அவசரத்துல சரியா...”

“சொன்னானான்னு கேட்டேன்.”

கர்னல் வாய் திறப்பதற்குள், வாசலில் அணைந்து நின்ற வண்டியின் பின்னாலிருந்து ஒரு சத்தம். இரும்பை உள்ளிருந்து தட்டுகிற சத்தம்.

குழாயின் இருட்டு வாயில் நான்கு விரல்கள் வந்து விளிம்பைப் பற்றின. அவற்றில் ஒன்றுக்கு நகமில்லை. இன்னொன்று நிதானமாக நீண்டு, மடங்கி, நீண்டு, மடங்கியது.

“மாமா,” என்றது குழாய், தம்பியின் குரலில். “கசிவு எதுவும் இல்ல.”

மனைவி பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கர்னல் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அந்தப் பக்கம் வந்த நர்ஸ், அவர் பேன்ட்டின் முன்பக்கம் முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்து, எங்கே அடிபட்டது என்று பதறிக் குனிந்தாள்.

அது ரத்தம் இல்லை.