ஒரு பால் பல்லின் வாக்குமூலம்

"வாய்ல என்னய்யா அது?"

டிடெக்டிவ் லோரெய்ன் பெக் குனிந்து டார்ச் அடித்தாள்.

பிணத்தின் வாய் ஆவென்று திறந்திருந்தது. உள்ளே...

பெயின்ட் செதில்கள்!

நகம் அளவுத் துண்டுகள். யாரோ கை நிறைய அள்ளித் தொண்டை வரைக்கும் அமுக்கியிருந்தார்கள்.

"ராத்திரி டிபன்," என்றான் கர்ட் ஸ்டெங்கல். லோரெய்னின் கூட்டாளி. ரிடையர் ஆக நாலு மாதம்தான் பாக்கி. பிணத்தைப் பார்த்தால்தான் இந்த ஆளுக்கு ஜோக்கே வரும்.

லோரெய்ன் சிரிக்கவில்லை. பதினாறு வருஷ சர்வீஸில் அவளுக்குச் சிரிப்பும் வற்றிவிட்டது. அழுகையும் வற்றிவிட்டது.

மில்வாக்கி நகரின் தெற்குப் பக்கம். பிப்ரவரி மாத வெள்ளிக்கிழமை, மாலை ஏழு மணி. தெருவில் முழங்கால் உயரத்துக்குப் பனி. நூறு வருஷத்து மர வீடு ஒன்றின் நிலவறையில் அவர்கள் நின்றிருந்தார்கள். துணி துவைக்க இறங்கிய கீழ் போர்ஷன் பெண்மணி போட்ட அலறல் நாலு வீடு தள்ளிக் கேட்டதாம்.

செத்தவர் அந்த வீட்டின் சொந்தக்காரர். ஹென்றி வோய்டாக், வயது அறுபத்து மூன்று. பின்மண்டையில் ஒரே ஒரு அடி. பக்கத்தில் ஆணி பிடுங்கும் இரும்புக் கம்பி. சுவரோரமாகப் புத்தம் புது ஜன்னல்கள் ஆறு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சாய்ந்திருந்தன.

கர்ட் ஒரு செதிலை வெளிச்சத்தில் பிடித்தான்.

"மேல வெள்ளை. நடுவுல பச்சை. அடியில மஞ்சள். இந்த மஞ்சள் எங்கப்பன் காலத்துச் சரக்கு தாயே. ஈயம் கலந்தது. குழந்தைங்க வாயில போட்டா மூளை அவ்ளோதான்."

"மாடியில குழந்தை இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. ஆறு வயசு. ரத்தத்துல ஈயம்னு நகராட்சி லிஸ்ட்ல பேரு இருக்கு."

லோரெய்ன் மாடிப்படியைப் பார்த்தாள்.

"அப்போ கொலைகாரன் விலாசத்தை வாயிலயே வெச்சுட்டுப் போயிருக்கான்," என்றாள்.

மாடியில் ரொண்டா ஹஸ்கின்ஸ் சீஸ் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. வயிற்றில் நாலு மாதம். மேஜைக்கு அடியில் அவள் மகன் மைக்கா பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கினான்... கலைத்தான்... மறுபடி அடுக்கினான்.

"தம்பி, உன் பேரென்ன?" என்று கர்ட் குனிந்தான்.

"மூடி," என்றான் மைக்கா.

"அவனுக்கு மொத்தமே அம்பது வார்த்தைதான் சார்," என்றாள் ரொண்டா. "இன்னிக்கு மூடி."

லோரெய்ன் பையனின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் கட்டை வெறும் மரமாக நின்றது. கத்தியால் சுரண்டியிருந்தார்கள். ஓரத்தில் மிச்சமிருந்த பெயின்ட்... வெள்ளை, பச்சை, மஞ்சள்!

திரும்பி வந்தபோது கேட்காமலேயே ரொண்டாவிடமிருந்து பதில் வந்தது.

"நான்தான் கொன்னேன்."

"எதால அடிச்சே?"

"சு... சுத்தியலால."

"எத்தனை அடி?"

"நாலு... அஞ்சு இருக்கும்."

லோரெய்ன் நோட்டை மூடினாள்.

"ஒரே அடிம்மா. சுத்தியலும் இல்லை. உன் புருஷன் எங்கே?"

ரொண்டா மேஜைக்கு அடியில் இருந்த மகனைப் பார்த்தாள். அடுப்பில் ரொட்டி கருகியது. அதைத் திருப்பிப் போடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

டரல் ஹஸ்கின்ஸைத் தேடி நாலு கார் கிளம்பியது. அவன் வேலை பார்க்கும் இடத்துக்கு அவை போய்ச் சேர்வதற்குள்...

அவனே ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றான்!

முப்பத்து மூன்று வயது. வேலைச் சட்டை, வேலை ஜீன்ஸ், வேலை பூட்ஸ். ஊருக்குத் தெற்கே பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையில் பத்து வருஷமாக வேலை. சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"லேட்டாயிடுச்சு மேடம்," என்றான். "ஷிஃப்ட் நடுவுல கிளம்பினா சூப்பர்வைசர் கத்துவான்."

கர்ட் லோரெய்னைப் பார்த்தான். கொலை செய்துவிட்டு முழு ஷிஃப்ட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் மனுஷன்!

விசாரணை அறை. காபி கொடுத்தார்கள். அவன் தொடவில்லை.

"சொல்லு டரல்."

"புதன்கிழமை ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. மைக்காவுக்கு இனிமே சாதாரண கிளாஸ் கிடையாதுன்னாங்க. எப்போ சரியாவும்னு கேட்டேன். போனது போனதுதான்னு சொன்னாங்க." அவன் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "ரெண்டு நாள் தூங்கலை. இன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு அவன் ரூம் ஜன்னலைச் சுரண்டிப் பையில போட்டுக்கிட்டு இறங்கினேன்."

"வோய்டாக் கீழே இருந்தாரா?"

"இருந்தாரு. ஏதோ அளந்துக்கிட்டிருந்தாரு."

"புது ஜன்னலுக்கு அளவு எடுத்திருக்காரு. உன் வீட்டுக்கு மாட்டறதுக்கு."

டரல் காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தான்.

"எனக்குத் தெரியாது மேடம். பெயின்ட்டைக் காட்டினேன். 'என் வீட்டு மேல பழி போடாதே, என் மூணு பசங்களும் அதே ரூம்லதான் வளர்ந்தாங்க. ஒருத்தன் இன்ஜினீயர்'னு சொன்னாரு. அந்த இன்ஜினீயர்னு சொன்னதுதான்... திரும்பினாரு. அடிச்சேன். அப்புறம் ஊட்டினேன்."

"வீட்டால்தான் வந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற எதுல வரும்? மைக்காவுக்கு ரெண்டு வயசுல இந்த வீட்டுக்கு வந்தோம். மூணு மாசத்துல ரத்த டெஸ்ட். ஈயம்னாங்க. நர்ஸ் முதல்ல கேட்டதே 'பழைய வீடா'ன்னுதான்."

உண்மைதான். அந்த ஊரில் பிள்ளை ரத்தத்தில் ஈயம் என்றால் டாக்டர், நர்ஸ், பக்கத்து வீடு, பாதிரியார் எல்லோரும் கைநீட்டுவது வீட்டுக்காரனை நோக்கித்தான். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது சரியாகவும் இருக்கும்.

அரசு வக்கீல் ஆயுள் தண்டனைக்குக் குறைந்து பேச மாட்டேன் என்றார். நிதானமாகச் சுரண்டி, பையில் போட்டு, இறங்கிப் போய்ச் செய்த கொலை. பரோலே கிடையாது.

மறு வாரம் ரொண்டா ஸ்டேஷனுக்கு வந்தாள். லோரெய்ன் எதிரே ஒரு பழைய மாத்திரை டப்பாவை வைத்தாள்.

உள்ளே இரண்டு பால் பற்கள்.

"மைக்காவோடது. விழுந்த பல்லைத் தேவதை வந்து எடுத்துட்டுப் போயிடுச்சுன்னு அவன்கிட்ட பொய் சொல்லிட்டு நான் வெச்சிருந்தேன். பல்லுல ஈயம் இருந்தா கண்டுபிடிக்கலாமாமே? எங்க வக்கீல் சொன்னாரு. அந்த வீடு என் புள்ளையை என்ன பண்ணுச்சுன்னு ஜூரி கண்ணால பார்க்கணும் மேடம். பார்த்தா இருபது வருஷமாக் குறைக்கலாமாம். அப்பா வெளியே வரும்போது மைக்காவுக்கு இருபத்தாறுதான் ஆகும்."

"ரிசல்ட் எப்படி வந்தாலும் ரெண்டு பக்கத்துக்கும் போகும் ரொண்டா."

"எப்படி வரும்? நல்லபடியாத்தான் வரும்!"

பிள்ளையின் பல்லில் விஷம் இருக்க வேண்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொண்டு போனாள். லோரெய்னுக்கு நெஞ்சில் ஏதாவது உறுத்த வேண்டும். ஒன்றும் உறுத்தவில்லை. டப்பாவில் சீட்டு ஒட்டி அனுப்பினாள். கூடவே ஜன்னல் பெயின்ட்டும், டரலின் ரத்தக்கறைச் சட்டையும் போயின.

ஆறு வாரம் கழித்து அவள் செல்போன் அலறியது.

"டிடெக்டிவ் பெக்? பல் ஆய்வுக்கூடத்துல இருந்து டாக்டர் யூன் பேசறேன். ரிப்போர்ட் நாளைக்கு வரும். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. அந்த வீட்டுல இப்போ சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருக்காங்களா?"

"ரெண்டும் இருக்கு. ஏன்?"

"மரத்துல வளையம் இருக்கற மாதிரி பல்லுலயும் இருக்கும். வாரா வாரம் வளரும். பொறந்த அன்னிக்கு தனியா ஒரு கோடு விழும். இந்தப் பையன் பல்லுல அந்தக் கோட்டுக்கு முன்னாடியே ஈயம் இருக்கு."

"முன்னாடின்னா...?"

"வயித்துல இருக்கும்போதே!"

லோரெய்ன் எழுந்து நின்றாள்.

"டாக்டர், அவங்க அந்த வீட்டுக்கு வந்தது பையனுக்கு ரெண்டு வயசுல."

"இந்தப் பல் அதுக்கு முன்னாடியே வளர்ந்து முடிஞ்சுடுச்சு. இன்னொண்ணு. பொறந்து ரெண்டாம் மாசத்துல இருந்து பதினோரு வாரத்துக்கு ஈயம் சட்டுனு இறங்குது. அப்புறம் மறுபடி ஏறுது. அந்தப் பதினோரு வாரம் என்ன நடந்துச்சு?"

லோரெய்ன் ஃபைலைப் புரட்டினாள். ஆலையிலிருந்து வந்த வேலைப் பதிவு. ஏப்ரல்... மே... ஜூன்...

டரல் ஹஸ்கின்ஸ். கால் எலும்பு முறிவு. விடுப்பு, பதினோரு வாரம்!

"டாக்டர்... அந்தச் சட்டை..."

"அதைத்தான் சொல்ல வந்தேன். ஈயத்துக்கும் பொறந்த ஊர்னு ஒண்ணு உண்டு, எங்கிருந்து வந்ததுன்னு சொல்லிடலாம். ஜன்னல் பெயின்ட்ல இருக்கற ஈயம் வேற ஊரு. பல்லுல இருக்கறது சட்டைத் தூசியோட அச்சு அசலாப் பொருந்துது. அந்த ஆளோட வேலைத் துணி இன்னும் வீட்டுல இருந்தா உடனே எடுத்துடுங்க."

கர்ட் காரை ஓட்டினான். சிவப்பு விளக்கு மூன்றைத் தாண்டினான். ஜோக் அடிக்கவில்லை.

"அவன்கிட்ட சொல்லப் போறியா?" என்று மட்டும் கேட்டான்.

"ரிப்போர்ட் கோர்ட்ல எப்படியும் வரும்."

"எப்படியும் ஆயுள்தான் தாயே. தெரியாம உள்ள போகட்டுமே. பாவம்."

கார் நிற்பதற்குள் லோரெய்ன் கதவைத் திறந்தாள்.

ரொண்டா கதவைத் திறந்தாள். வயிறு இப்போது நன்றாகத் தெரிந்தது. அவள் உடம்பில்...

டரலின் இன்னொரு வேலை ஜாக்கெட்!

"துவைக்கவே மனசு வரலை மேடம்," என்றாள் கூச்சத்தோடு. "அவர் வாசனை இருக்கு. இதைப் போர்த்தினாத்தான் மைக்கா தூங்கறான்."

"கழட்டு ரொண்டா."

"ஏன்?"

"முதல்ல கழட்டு. மெதுவா. உதறாதே."

கர்ட் கையுறை மாட்டிக்கொண்டு ஜாக்கெட்டை வாங்கிப் பைக்குள் போட்டுக் கட்டினான். லோரெய்ன் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ரொண்டா அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள்.

"நான்தான் துவைச்சேன்," என்றாள் அவள், யாருக்கோ சொல்வதுபோல. "அவர் துணியையும் குழந்தைத் துணியையும் ஒண்ணாப் போட்டுத்தான் துவைப்பேன். தண்ணி மிச்சமாகும்னு." கை தானாக வயிற்றுக்குப் போனது. "இதுக்கும்... போயிருக்குமா?"

"தெரியலை. இன்னிக்கே டெஸ்ட் எடுக்கலாம். இனிமே போகாம இருக்கறதுக்குத்தான் ஓடி வந்தோம். வா, கார்ல ஏறு."

மைக்கா மேஜைக்கு அடியிலிருந்து வந்து கர்ட்டின் விரலைப் பிடித்துக்கொண்டான். ஐம்பத்தெட்டு வயது கர்ட் ஸ்டெங்கல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் மதியம். கவுன்ட்டி ஜெயில். வெள்ளிக்கிழமை என்பதால் அந்த ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் பொரித்த மீன். டரல் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, வக்கீலோடு பார்வையாளர் அறைக்கு வந்தான். எதிரே லோரெய்ன். சுவரில் சாய்ந்தபடி கர்ட்.

"பல் ரிசல்ட் வந்துடுச்சா மேடம்?"

"வந்துடுச்சு."

"ஈயம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவன் முதன்முறையாக மூச்சை ஆழமாக இழுத்து விட்டான். "நல்லது. ஜூரி பார்க்கட்டும்."

"டரல்... ஆலையில குளிக்கறதுக்கு இடம் இருக்கு இல்லையா? ஷிஃப்ட் முடிஞ்சதும் குளிச்சு, துணி மாத்திக்கிட்டுத்தான் கிளம்பணும்னு சட்டம். நீ குளிப்பியா?"

"இல்லை மேடம்." கேள்வி அவனுக்குப் புரியவில்லை. "க்யூல நின்னு குளிச்சுட்டு வந்தா முக்கால் மணி நேரம் லேட்டாகும். அதுக்குள்ள மைக்கா தூங்கிடுவான். கைக்குழந்தையா இருந்தப்பவே அப்படித்தான். நேரா வந்து தூக்கி நெஞ்சு மேல போட்டுக்குவேன். அந்த வேலைச் சட்டையைக் கடிச்சுக்கிட்டேதான் தூங்கு..."

நிறுத்தினான்.

லோரெய்ன் ரிப்போர்ட்டின் வரைபடத்தை மேஜை மேல் வைத்து அவன் பக்கம் திருப்பினாள். பிறந்த நாள் கோடு. அதற்கு முன்னால் ஒரு கறுப்பு மேடு. பதினோரு வாரப் பள்ளம். மறுபடி மேடு. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, ஒரே தொனியில் சொல்லி முடித்தாள். ரொண்டாவைப் பற்றியும் சொன்னாள். ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, கொஞ்சம்தான், இனி இறங்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

டரல் அந்தப் பள்ளத்தின் மேலேயே விரலை வைத்திருந்தான்.

"கால் உடைஞ்சு படுத்திருந்தப்போ..." என்றான். "அதுதான் அவன் நல்லா இருந்த காலம். இல்லையா?"

"ஆமா."

"வோய்டாக் சொன்னது நிஜம்."

"ஆமா."

"பெரிய தப்பு நடந்து போச்சுய்யா," என்று முணுமுணுத்தான் கர்ட்.

டரல் நிமிர்ந்தான். கண்ணில் ஈரம் இல்லை. ஒன்றுமே இல்லை. தனக்குத் தானே விலங்கு மாட்டிக்கொள்பவன்போல இரண்டு கைகளையும் மேஜை மேல் நீட்டினான்.

"தப்பு என்னுது மட்டும்தான் சார். நான்தான் ஆள் மாறிக் கொன்னுட்டேன்... நீங்க கரெக்டான ஆளைத்தான் புடிச்சிருக்கீங்க!"