கண் மூடிய அச்சு

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று சொல்லத் துணியேன். பக்கத்துப் பட்டறையில் பணிபுரிபவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன். குறை இருப்பின் வாசகப் பெருமக்கள் அன்புகூர்ந்து பொறுத்தருள வேண்டும்.

அன்று அச்சுகள் காயவில்லை.

பொம்மைப் பட்டறை நடத்திவந்த சிவசங்கரி அதை முதலில் அறிந்தது விரல் நுனியால்தான். விருத்தாசலத்தில் மூன்று நாட்களாக ஒரு தூறல்கூட இல்லை. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றினால், கூழிலுள்ள நீரை அச்சு குடித்துவிடும். மண் மட்டும் உட்புறத்தில் தோல் போலப் படிந்து பொம்மையாகும். அன்றோ, தரையோரம் அடுக்கியிருந்த அச்சுகள் எதையும் குடிக்காமல், நெடுநேரம் அழுத கன்னத்தைப் போலச் சில்லென்று நனைந்திருந்தன. கூழைத் தண்ணீராகக் கரைத்துவிட்டோம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

வேலையாட்கள் விடுப்பில் போயிருந்தார்கள். அவள் வீட்டுக்குப் போவது அரிது. போனால் கதவைத் திறக்க ஆளில்லை. மகள் தமிழினி ஆறு வயதில் காய்ச்சலில் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நிழற்படங்கள் மங்கிவிட்டன. மங்காதது ஒரே ஓர் அச்சு. அந்தக் கடைசிக் கோடையில், மூச்சுவிட மூக்கில் குழல் வைத்து, விளையாட்டாகக் குழந்தையின் முகத்தில் பிளாஸ்டர் பூசி எடுத்தது. கண்களை இறுக மூடி, சிரிப்பை அடக்கிய முகம். வார்க்க வார்க்க அச்சு தேயும் என்பதால், அதில் அவள் ஒருமுறைகூடக் கூழ் ஊற்றியதில்லை.

மழை எச்சரிக்கை கேட்ட அன்று, கூரை ஒழுகுமே என்று அஞ்சி, அதைப் பரணிலிருந்து இறக்கி, அணைந்து கிடந்த சூளையின் அடித்தட்டில் வைத்து இரும்புக் கதவைச் சாத்தியிருந்தாள். தண்ணீர் மேலிருந்துதான் வரும் என்று நினைத்துவிட்டாள்.

மாலை ஐந்து மணிக்குப் பட்டறைத் தெருவின் காவலாளி ஆதிநாராயணன் கைபேசியில் அழைத்தார்.

"யக்கா, இன்னுமா பட்டறையில இருக்கீங்க? மணிமுத்தாத்துல தண்ணி ஏறுது. கெளம்புங்க."

"வானம் வெளுத்துக் கெடக்குது. எங்கேர்ந்துப்பா வெள்ளம்?"

"வெள்ளம் உங்க வூட்டு வானத்தக் கேட்டுக்கிட்டா வரும்? மேக்கால மலையில மூணு நாளா ஊத்துது. ஆறு ரொம்பினா ஒரு வெள்ளம், ஏரி ஒடைஞ்சா ஒரு வெள்ளம். சத்தமே காட்டாம தரைக்கடியிலேர்ந்து ஊறுது பாருங்க, அதான் பொல்லாதது. தரை ஈரமா இருக்குதா?"

அவள் அச்சுகளைப் பார்த்தாள்.

"இருக்குதுப்பா."

"அப்ப எல்லாத்தையும் வுட்டுட்டு வாங்க!"

இணைப்பு அறுந்தது. மின்சாரமும் போயிற்று. தரையின் வெடிப்புகளிலிருந்து மண்வாசனையும் சாக்கடை வாடையும் கலந்து எழ, அவசரமே இல்லாமல், பழகிய வீட்டுக்குள் நுழையும் ஆளைப் போலத் தண்ணீர் வந்தது. கணுக்கால். முழங்கால். பிறகு தெருப்பக்கச் சுவர் சரிய, ஆறே உள்ளே வந்தது. அலமாரிகள் சாய்ந்தன. சுடாத பொம்மைகள் நீரில் விழுந்து, மூக்கிழந்து, வாயிழந்து, ஓசையின்றிக் கரைந்தன. தண்ணீர் வெளுத்தது. கெட்டியானது. அவள் காலையில் கரைத்த கூழைப் போலவே ஆனது.

பின்வாசல் திறந்தே இருந்தது. அவள் சூளையை நோக்கி நடந்தாள்.

கதவு வெளிப்பக்கம் திறப்பது. இடுப்பளவு நீர் அதை அழுத்திப் பிடித்திருந்தது. இழுத்தாள். அசையவில்லை. இரும்பில் காதை வைத்தாள்.

களக். களக். களக்.

காய்ந்த பிளாஸ்டர் நீர் குடிக்கும் ஓசை. இருபது ஆண்டுகளாகக் கேட்ட ஓசைதான். உள்ளே அச்சு நிரம்புகிறது. மண் படிகிறது. அவள் ஊற்றாத கூழை வெள்ளம் ஊற்றுகிறது.

ஓசை நின்றது. குடித்து முடித்த பிள்ளை மூச்சு வாங்குவது போல ஒன்று கேட்டது.

"தமிழு?"

சூளைக்குள் நெருப்பைப் பார்ப்பதற்கென்று கதவில் ஒரு துளை உண்டு. ஆறு வயதுக் குழந்தையின் உயரம். நீர் அதன் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. அவள் குனிந்தாள். கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள்.

வெள்ளை நெற்றி. ஈரம். சிரிப்பை அடக்கிய அதே வாய்.

கண்கள் மட்டும் மூடியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் நீர் வடிந்தது. இழந்தவை, நான் அறிந்தவரை: சுடாத பொம்மைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. பொம்மை அச்சுகள் நாற்பத்தொன்று. களிமண் ஆறு மூட்டை. தெருப்பக்கச் சுவர். ஆள் ஒருவர், சிவசங்கரி.

தமிழினியின் அச்சு உடையாமல் கிடைத்தது. உள்ளே மண் இல்லை. அதில் பதிந்த கண்கள் இப்போது திறந்திருக்கின்றன. ஆகவே அதையும் இழந்தவற்றில் சேர்த்திருக்கிறேன்.